கிரெனடாவில் பொருந்தாத வானொலிகள்

1983 அக்டோபர் 25 அன்று அமெரிக்கப் படைகள் கரீபியக் கடலின் சிறு தீவான கிரெனடாவில் இறங்கின. கரையில் தரைப்படை, கடலில் அதே நாட்டின் போர்க்கப்பல்கள். ஆனாலும் கரையில் இருந்தவர்கள் கப்பல் பீரங்கியின் உதவியைக் கேட்க முடியாமல் திண்டாடினார்கள். ஒவ்வொரு படையும் தன் போக்கில் வாங்கிய வானொலிக் கருவிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொதுத் தொலைபேசியில் அமெரிக்காவிலிருந்த தம் முகாமைக் கூப்பிட்டு ஒருவர் வான்வழி உதவி கேட்டார் என்றொரு கதை பல வடிவங்களில் உலவுகிறது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. படைகளுக்குள் பேச்சு அறுந்தது உண்மை என்பதில் சர்ச்சையே இல்லை. முப்படைகளையும் ஒரே தலைமையின்கீழ் இறுக்கிக் கட்டிய 1986-ஆம் ஆண்டின் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

நோய்க்கான மருந்து அதே ராணுவத்தின் கையிலேயே இருந்தது. 1977 நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து தகவல் துணுக்குகள் கிளம்பின. முதலில் வானொலி வலை, பிறகு ஆர்பாநெட் என்ற கணினி வலையின் தரைவழிக் கம்பிகள், அதன்பின் அட்லாண்டிக்கைத் தாண்டும் செயற்கைக்கோள் வலை என்று ஐரோப்பா வரை போய், மீண்டும் கலிபோர்னியாவுக்கே வந்து சேர்ந்தன. மூன்று வலைகளும் அவற்றின் கருவிகளும் வெவ்வேறு. கணினி அறிஞர்கள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் வகுத்த டி.சி.பி. என்ற நெறிமுறை ஒன்றுதான் பொது. எந்த வலையும் தன் உள்ளமைப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை, எல்லையில் நின்ற கணினி மட்டும் இரண்டு பக்கத்தையும் அறிந்திருந்தால் போதும். ராணுவப் பணத்தில் பிறந்த இந்த நெறிமுறைக்கு ஆர்பாநெட் முழுவதும் மாறிய நாள் 1983 ஜனவரி 1, அதாவது கிரெனடாவுக்குப் பத்து மாதம் முன்பு.

அப்படியானால் போர்க்களத்துக்கு அது வர ஏன் இத்தனை காலம்? ஆணை போட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்று அரசு நம்பியதே காரணம் என்பேன். 1990 முதல் ஓ.எஸ்.ஐ. என்ற வேறொரு நெறிமுறைத் தொகுப்பையே வாங்க வேண்டும் என்று வாஷிங்டன் விதித்தது. சந்தையோ டி.சி.பி.யோடு போய்விட்டிருந்தது. நெறிமுறை பகிரங்கமாக இருந்ததால் யார் வேண்டுமானாலும் கருவி செய்தார்கள், அடுத்தவன் கருவியோடு பேசாததை வாங்க ஆளில்லை. 1995-இல் அரசு தன் கட்டாயத்தைக் கைவிட்டது. இடையில் 1991 வளைகுடாப் போர் இரண்டு பாடங்களையும் காட்டியது. விமானப்படையின் கணினி அமைப்பு விமானந்தாங்கிக் கப்பல்களில் இல்லாததால், அன்றாடத் தாக்குதல் ஆணை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டது. மறுபுறம், ராணுவ ஜி.பி.எஸ். கருவிகள் போதாதபோது சந்தையில் வாங்கிய ஆயிரக்கணக்கான கருவிகள் பாலைவனத்தில் வழிகாட்டின. 1994-இல் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, ராணுவத் தனித் தரவிதிகளுக்கு முன் வணிகத் தரங்களையே தேடுங்கள் என்று உத்தரவிட்டது இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான்.

எல்லா அலைவரிசையும் பேசும் ஒரே வானொலியைச் செய்துவிட்டால் சிக்கல் தீராதா என்று கேட்கலாம். 1997-இல் தொடங்கிய ஜே.டி.ஆர்.எஸ். திட்டம் அதைத்தான் முயன்றது. பல நூறு கோடி டாலர் செலவான பின், வாகனங்களுக்கான அதன் முக்கியக் கருவி 2011-இல் கைவிடப்பட்டது. வணிகக் கருவிகளை நம்புவதற்கு எதிரான, இதைவிட வலுவான ஆட்சேபம் பாதுகாப்பைப் பற்றியது. 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் படைகளும் நம்பியிருந்த வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் மோடம்கள் இணையத் தாக்குதலில் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. ஜெர்மனியில் காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்புகூட நின்றது. இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ரகசியம் காக்க இரு முனைகளிலும் மறையாக்கம் செய்யலாம், ஆனால் வழியே அடைபட்டால் மறையாக்கத்தால் பயனில்லை. ஆயினும் இந்த ஆட்சேபம் தாக்குவது வணிகத் தொழில்நுட்பத்தை அல்ல, மாற்றில்லாத ஒற்றை வழியைச் சார்ந்திருப்பதை. வலைகளை இணைக்க ஏற்பட்ட நெறிமுறையின் பயனே, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றில் போவதுதான். ஆகவே படைகளுக்குக் கருவி வாங்கும் அதிகாரிகள், போட்டி நிறுவனத்தின் கருவியும் அதே வலையில் இயங்குவதை விற்பவர் களத்தில் செய்து காட்டிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.