கோட்டை அருங்காட்சியகம் தரும் படிப்பினை



தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பரங்கிமலையைக் கடந்து, கோட்டை நிலையத்தில் இறங்கினால் புனித ஜார்ஜ் கோட்டையை நடந்தே அடையலாம். தலைமைச் செயலகத்திற்கு மனுக் கொடுக்கச் செல்வோர் பலர்; அதே கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் நுழைவோர் சிலரே.

1795இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடம் முதலில் வணிகர் கூடும் மன்றமாக இருந்தது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் அதன் உச்சியில்தான் எரிந்தது. பின்னர் ஆங்கிலேய இராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியாயிற்று. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், பொதுமக்களுக்குரிய அருங்காட்சியகமாக அது திறக்கப்பட்டது.

அங்கே கார்ன்வாலிஸ் பிரபுவின் சலவைக்கல் சிலை நிற்கிறது. 1792இல் திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்ததுடன், தம் இரு இளம் புதல்வர்களைப் பிணையாகவும் ஒப்படைக்க நேர்ந்தது. அந்தக் காட்சியே சிலையின் பீடத்தில் செதுக்கப்பட்டுள்ளது.

"நம்மை இழிவுபடுத்தும் இச்சிலையைப் பாதுகாக்கத்தான் வேண்டுமா?" என்று ஓர் இளைஞர் என்னிடம் வினவினார். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் தேனாம்பேட்டை செனடாப் சாலையில் நின்றபோது அது வென்றவரின் பெருமிதம். இன்று அருங்காட்சியகத்தினுள் அது சாட்சி. சாட்சியை அழிப்பவர் வழக்கையே இழக்கிறார்.

சிற்பி செதுக்காத மீதிக் கதையையும் நாம் அறிய வேண்டும். 1799இல் திப்பு வீரமரணம் எய்திய பின் அவர்தம் மக்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். தாடியை மழிக்கவும், நெற்றிச் சின்னங்களை அகற்றவும், புதுவகைத் தலைப்பாகை அணியவும் இடப்பட்ட கட்டளைகளை எதிர்த்து, 1806 ஜூலை 10 அன்று முஸ்லிம், இந்துச் சிப்பாய்கள் ஒன்றாக அங்கே கிளர்ந்தெழுந்தனர். 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடியோ, இன்று கார்ன்வாலிஸ் நிற்கும் அதே அருங்காட்சியகத்தில்தான் உள்ளது!

நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். மதரஸா விடுமுறையான வெள்ளியன்று அருங்காட்சியகமும் மூடியிருக்கும். ஆதலால் ஞாயிறே ஏற்றது. திரும்பி வந்ததும், பரணில் கிடக்கும் பழைய வக்ஃபு பத்திரங்களையும், நிக்காஹ் பதிவேடுகளையும், கூட்டக் குறிப்பேடுகளையும் தூசி தட்டிப் பத்திரப்படுத்துவோம். நம் வரலாற்றை நாம் காக்கத் தவறினால், பிறர் செதுக்கியதே வரலாறாக நிற்கும். சிந்திப்போமாக!