அரை மணி நேரச் சாப்பாடும் ஒரு சங்கமும்

பி.காம் பாடத்தில் தொழிற்சங்கச் சட்டம், 1926 என்று படிக்கிறோம். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1918 ஏப்ரல் 27-ல், நெசவாளர் ஊராகத் தொடங்கிய எங்கள் காலடிப்பேட்டைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது!

பி அண்டு சி மில்லில் (பின்னி மில் என்றால் நம்மூர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும்) சாப்பாட்டு இடைவேளை அரை மணிதான். கைகழுவி, சாப்பிட்டு, ஓடிவர வேண்டும். இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பது முதல் கோரிக்கைகளில் ஒன்று. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஆட்களைத் திரட்டினார்கள், பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார்.

1921 வேலைநிறுத்தத்தில் அந்த ஒற்றுமை சாதியில் உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அவர்களைக் கருங்காலிகள் என்று திட்டுவது சுலபம். மில் வாசலைத் தாண்டினால் ஆளுக்கொரு தெரு, சேரி என்றுதானே இருந்தது? நீதிக்கட்சித் தலைவர்களும் அவர்களையே குறை சொன்னார்கள். எம்.சி.ராஜா 1923-ல் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார்.