படித்தவர்கள் என்ன ஆனார்கள்?

கொல்லிமலையில் ஒரு பையன் டிகிரி முடித்துவிட்டான் என்றால் ஊரில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "படிச்சு என்ன ஆனான்?" பத்து வருடம் கழித்தும் கேட்பார்கள், முப்பது வருடம் கழித்தும் கேட்பார்கள். வம்புக்காகக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கீழே காலேஜுக்கு அனுப்பலாமா, மரவள்ளிக் காட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

மலையில் பதினான்கு நாடுகள். நான் குண்டூர் நாட்டுக்காரன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலைக்குக் கீழே ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தேன். எங்கள் செட்டு வெளியேறி முப்பது ஆண்டு ஆனதை ஒட்டி ஒரு சந்திப்பும், அதற்கு ஒரு மலரும் போடலாம் என்று முடிவானபோது, "நீதான் ஹிஸ்டரி ஆச்சே" என்று தகவல் திரட்டும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பெயர், பதவி, நிறுவனம், துணைவர் பணி, பிள்ளைகள் படிப்பு என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு படிவம். அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான், இப்படிக் கேட்கிற வழக்கத்துக்கே ஒரு வரலாறு இருக்குமே என்று தேடத் தொடங்கினேன்.

தேடியதில் முதலில் மனதில் ஒட்டிக்கொண்டவர் ஹென்றி டேவிட் தோரோ. 1837-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர். பத்து ஆண்டு கழித்து, 1847-ல், அவருடைய வகுப்பின் செயலாளர் எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார்: இப்போது என்ன தொழில், கல்யாணம் ஆயிற்றா என்கிற மாதிரிக் கேள்விகள். தோரோ வால்டன் குளக்கரைக் குடிசையைக் காலிசெய்தது அந்த ஆண்டு செப்டம்பரில்தான். மாதக் கடைசியில் அவர் எழுதிய பதிலில் தன்னைப் பள்ளி ஆசிரியன், வீட்டு ட்யூஷன் வாத்தியார், நில அளவைக்காரன், தோட்டக்காரன், விவசாயி, வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவன், தச்சன், கொத்தன், தினக்கூலி, பென்சில் செய்பவன், எழுத்தாளன் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். இதை ஒரு மேதையின் குறும்பு என்று இலக்கியக்காரர்கள் ரசிக்கிறார்கள். எனக்கு அதில் குறும்பே தெரியவில்லை. எங்கள் மலையில் யாரைக் கேட்டாலும் தொழில் என்று ஒரு சொல்லில் பதில் வராது.

அதே ஹார்வர்டில் இன்னொரு விஷயம். 1770-கள் வரும்வரை அங்கே மாணவர் பெயர்களை அகரவரிசையில் எழுதவில்லை. அப்பன் அந்தஸ்து என்ன என்று பார்த்து அந்த வரிசையில் எழுதினார்கள். நம்மூரைத்தான் உலகம் இந்த விஷயத்தில் திட்டுகிறது. பிறகு அந்த வழக்கம் போய், பட்டம் பெற்றவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி அனுப்பும் வகுப்பு அறிக்கைகள் வந்தன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தத் தொகுப்பைச் சிவப்புப் புத்தகம் என்பார்கள். 1938-ல் இதையே ஆராய்ச்சியாக்கினார்கள். ஹார்வர்டின் 268 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உடம்பு, மனசு, வேலை, குடும்பம் என்று ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பப் பையன்கள் 456 பேரும் பிறகு இந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டார்கள். நல்ல உறவுகள் உள்ளவர்களே முதுமையில் நன்றாக இருக்கிறார்கள் என்பது அதிலிருந்து வெளிவந்த முக்கிய முடிவு. எங்கள் அப்பத்தா இதை இலவசமாகச் சொல்லியிருப்பாள்.

இதெல்லாம் தூரத்துக் கதை. நம் பக்கத்தில், 'படித்தவர்கள் என்ன ஆனார்கள்' என்ற ஒரு கணக்கெடுப்பு ஒரு கல்லூரியையே மூடவைத்திருக்கிறது. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-ல் தொடங்கிய செமினரி அது. டேனியல் பூவர் அதன் முதல் தலைவர். ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானவியலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இடம். ஒரு பையனின் செலவை அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டால் அவருடைய பெயரைப் பையனுக்கு வைத்துவிடுவார்கள். கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்றெல்லாம் பெயர்கள் வந்தது இப்படித்தான். சாப்பாடு போட்டவர் பெயரை ஆயுளுக்கும் சுமக்க வேண்டும். அதை நன்றி என்பதா, முத்திரை என்பதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முப்பது ஆண்டு ஆனதும் பாஸ்டனிலிருந்த தலைமைக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு பணம் போட்டோமே, வெளியே போனவர்கள் என்ன செய்கிறார்கள்? ரூஃபஸ் ஆண்டர்சன் என்பவர் தலைமையில் ஒரு தூதுக்குழு வந்தது. அவர்கள் தேடியது போதகர்களையும் உபதேசிமார்களையும். பார்த்ததோ, இங்கிலீஷ் படித்துவிட்டு இலங்கையிலும் இந்தியாவிலும் அரசாங்க உத்தியோகம் தேடிப் போன இளைஞர்களை. ஆங்கிலப் படிப்பு பிள்ளைகளைச் சபையிலிருந்து கச்சேரிக்குத் தள்ளுகிறது, இனி கிராமத்துக்குத் தாய்மொழிக் கல்வி போதும் என்று முடிவுகட்டினார்கள். 1855-ல் செமினரி மூடப்பட்டது.

ஆண்டர்சன் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. தாய்மொழியில் படி என்பது நல்ல வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னவர்களுக்கு அந்தப் பையன்களின் குடும்பத்தைப் பற்றி என்ன கவலை இருந்தது? ஒரு பையன் சம்பளக்காரனானால் அவன் பின்னால் நான்கு தங்கச்சிகள், ஒரு கடன், ஒரு ஓட்டைக் கூரை நிமிரும். அவர்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இதில் வேடிக்கை அடுத்து நடந்தது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, இன்னொருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. இரண்டு பேருமே மூடப்பட்ட அந்த வட்டுக்கோட்டையின் மாணவர்கள். தோற்றுப்போன பள்ளி என்று பூட்டிய கதவிலிருந்துதான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகள் வந்தார்கள்.

தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கையை எங்கள் மலருக்கான படிவத்தில் போட்டுப் பார்த்தேன். பிறப்பு 1832, சிறுப்பிட்டி. ஆசிரியர். சென்னையில் தினவர்த்தமானி பத்திரிகையின் ஆசிரியர். கள்ளிக்கோட்டையில் மறுபடி ஆசிரியர். பிறகு அரசாங்கக் கணக்கு அலுவலகம், அதாவது ஆண்டர்சன் எதைப் பார்த்து முகம் சுளித்தாரோ அதே உத்தியோகம். 1871-ல் சட்டப் பட்டம். கும்பகோணத்தில் வக்கீல். புதுக்கோட்டையில் நீதிபதி. இது பதவிக் கட்டம். அதற்கு வெளியே இருப்பதுதான் நமக்கு முக்கியம்: 1881-ல் வீரசோழியம், 1885-ல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை. செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து அச்சேற்றிய வேலை. சம்பளமும் வக்கீல் ஃபீஸும் வந்ததால்தான் ஏட்டுக்குச் செலவழிக்க முடிந்தது. குடும்பத் தகவலும் சுவையானது. அமெரிக்க மிஷனில் படித்த அப்பா சைவராக நின்று ஏடு பதிப்பித்தார். மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் கிறிஸ்தவப் போதகராகவும் தமிழறிஞராகவும் ஆனார். அப்பாவின் அறிக்கையை ஐந்தாம் வருடம் எழுதியிருந்தால் ஒரு மாதிரி, ஐம்பதாம் வருடம் எழுதியிருந்தால் வேறு மாதிரி. 1855-ல் கணக்கு முடித்தவர்களுக்கு அவர் அப்போது இருபத்துமூன்று வயது இளைஞர்.

வட்டுக்கோட்டையில் 1872-ல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பழைய மாணவர்கள் அதற்கு முன்னின்று பாடுபட்டார்கள்.

எங்கள் மலைக்கு வருவோம். கொல்லிமலையில் வளர்ந்து பல்கலைக்கழகம் போய், பின்னால் என்ன ஆனார் என்று உலகமே எழுதிவைத்த ஒருவர் உண்டு. பால் பிராண்ட், 1914-ல் பிறந்தவர். அப்பா ஜெசி, அம்மா ஈவ்லின், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டார் ஏறத் தயங்கிய காலத்தில் வாழவந்தி நாட்டில் குடியேறினார்கள். நரம்புச் சிலந்தியை ஜனங்களின் காலிலிருந்து பக்குவமாகச் சுற்றி எடுப்பதில் ஜெசி கைதேர்ந்தவர். ஒன்பது வயதில் பாலைப் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டார்கள். அப்பாவை அவர் அதன்பின் பார்க்கவில்லை. 1929-ல் ஜெசி மலைக்காய்ச்சலில் இறந்தார். மகன் முதலில் கட்டட வேலை கற்றார், பிறகு லண்டனில் மருத்துவம். உடன் படித்த மார்கரெட்டை மணந்தார். அவர் கண் மருத்துவர். ஆறு பிள்ளைகள். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கவைத்தார். 1966-ல் அமெரிக்கா. 2003-ல் மறைவு.

இவரைவிட இவருடைய அம்மாவின் தகவல்தான் என்னை அசைத்தது. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, அறுபத்தெட்டு வயதில், திரும்ப மலையேறினார். கொல்லிமலையோடு நிற்காமல் அக்கம்பக்கத்து மலைகளுக்கும் போனார். 1974-ல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். ஓய்வுக்குப் பிறகுதான் அவருடைய படிவத்தில் எழுத நிறைய இருந்தது.

இப்போது எங்கள் செட்டு. மலையிலிருந்து முன்பின்னாக அந்த மூன்று நான்கு வருடத்துக்குள் டிகிரி முடித்தவர்கள், எனக்குத் தெரிந்து ஒன்பது பேர். எல்லோரும் அரசு விடுதிச் சோறு. லீவுக்கு வரும்போது செம்மேட்டு பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, இறங்கி, அப்புறம் நடை.

ஒருவர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார். இன்னொருவர் சென்னையில் போலீஸ். இவர்கள் இரண்டு பேரும் படிவத்தை அழகாக நிரப்பி அனுப்பிவிட்டார்கள், போட்டோவோடு. ஒருவர் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வியாபாரம். "தொழிலதிபர்னு போட்ரு மாப்ள" என்று சிரித்தார். ஒருவர் இறந்து பதினைந்து வருடம். அவர் வீட்டில் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

பிசிக்ஸ் படித்தவன் கதைதான் மலையில் எல்லோர் வாயிலும் இருப்பது. எங்களில் கெட்டிக்காரன். வேலைக்கு எழுதி எழுதிப் பார்த்தான். ஒரு நேர்காணலுக்குப் போகச் சாதிச் சான்றிதழ் சமயத்தில் கிடைக்கவில்லை, அது ஒரு அலுவலகத்தின் மேசையிலேயே கிடந்தது. பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறினான். ஆந்திரா, மகாராஷ்டிரா, சத்தீஸ்கர் என்று போர் போட்டுக்கொண்டே இந்தியாவைப் பார்த்தவன் அவன். "பிசிக்ஸ் படிச்சுட்டு கடைசியில ரிக்குதானே" என்பதைச் சொல்லியே எங்கள் ஊரில் இரண்டு வீட்டில் பிளஸ் டூவோடு பெண் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அது எனக்கு நேராகத் தெரியும். அவனிடம் போனில் கேட்டேன்.

"என்னடா எழுதறது?"

"டிரில்லர்னு எழுது. இருபத்தாறு வருசம். எந்தப் பாறையில எத்தன அடில தண்ணின்னு கல்லு தூள் கலரப் பாத்தே சொல்லுவேன். அதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா உன் பேப்பர்ல?"

இல்லை. ஒரு கட்டம் போட்டேன். அவன் தங்கச்சி இரண்டு பேரையும் நர்சிங் படிக்கவைத்தது அவன்தான் என்று அவனுடைய அம்மா சொல்லித்தான் தெரிந்தது. இதையும் சேர்த்தேன். மலர் கமிட்டியில் ஒருவர், "ஒவ்வொருத்தருக்கும் நாலு வரிதான், இது ஒம்போது வரி வருதே" என்றார். தோரோவின் பதிலை எடுத்துக் காட்டினேன். யார் இந்த ஆள் என்று கேட்டுவிட்டு ஒன்பது வரிக்கும் சம்மதித்தார்.

ஒன்பதாவது ஆள் ஒரு பெண். பி.எஸ்சி. தாவரவியல். எங்கள் பக்கத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான் என்று நினைக்கிறேன். படித்து முடித்த வருடமே குண்டூர் நாட்டிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அவர் படிவம் வரவே இல்லை. நேரில் போனேன். களத்தில் சாமை காய்ந்துகொண்டிருந்தது.

"என்னப் பத்தி எழுத என்னண்ணா இருக்கு? இல்லத்தரசின்னு போடுங்க, முடிஞ்சுது."

"அதுக்கு மேல என்ன செய்யற, சொல்லு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாமையைக் கிளறிக்கொண்டே சொன்னார். மரவள்ளி ரெண்டு ஏக்கர், சேகோ ஆலைக்காரன் விலை ஏமாத்தாம இருக்க எடை நான்தான் பாப்பேன். மிளகுக்கொடி. நாலு மாடு. சாமை, திணை, கேழ்வரகு, இங்க எல்லாரும் விட்டுட்டாங்க, நான் வெதைக்கு வெச்சிருக்கேன், எட்டு ரகம், எதுக்கு என்ன பேருன்னு சீட்டு எழுதிப் பானையில ஒட்டியிருக்கேன். மகளிர் குழுக் கணக்கு. ஊர்ல யாருக்கு பேங்க் பாரம்னாலும் இங்கதான் வரணும். மாமியாருக்குச் சுகர், ஊசி நான்தான் போடறேன்.

எழுதி முடித்ததைப் படித்துக் காட்டினேன். "இவ்ளோவா?" என்றார். பிறகு பேனாவை மூடப் போனவனை நிறுத்தி, "பொண்ணு பேரையும் போடுங்கண்ணா. இந்த வருசந்தான் சேந்திருக்கா, பாட்டனி" என்றார்.