போர்க்கால பிரித்தானியாவில் பழந்துணித் தையல்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் 1941 சூன் 1 முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. முதல் ஆண்டில் ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். ஆண்களின் ஒரு முழு சூட்டுக்கே 26 போய்விடும், காலணிக்கு 7. கையில் காசு இருந்தாலும் கூப்பன் தீர்ந்தால் புதுத்துணி வாங்க முடியாது. வளரும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது பெரும்பாடு.

இருப்பதை வைத்துச் சமாளித்து, கிழிந்ததைத் தைத்துக்கொள்ளச் சொல்லி 1943இல் வணிக வாரியம் ஒரு கையேடு வெளியிட்டது. அப்பாவின் கால்சட்டை மகனுக்கு அரைக்கால்சட்டையானது, போர்வை மேற்கோட்டானது. பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து, நூலைக் கழிகளாகச் சுற்றி, அலசி, சுருக்கம் போக்கி மறுபடியும் பின்னினார்கள். பிரிப்பதற்கும் பின்னுவதற்கு ஆகும் பொறுமை வேண்டும். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிச் சன்னல்களை மூடிய இருட்டடிப்புத் துணிக்குக் கூப்பன் தேவையில்லை. அதிலும் ஆடை தைத்தார்கள்.

ஆனால் வெட்டித் தைக்கப் பெட்டி நிறையப் பழந்துணி வைத்திருந்தவர்களுக்கே இந்த யோசனைகள் முழுதாகப் பயன்பட்டன. ஏழை வீடுகளில் ஒட்டுப்போடுவது போருக்கு முன்பே அன்றாட வேலை. அவர்களுக்குக் கையேடு புதிதாக என்ன சொல்லிவிட முடியும்?

துணிப் பங்கீடு 1949 மார்ச் 15இல்தான் முடிவுக்கு வந்தது. போர் ஓய்ந்து அப்போது மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.