எல்லை தாண்டிய மார்பின்

அபினிலிருந்து பிரித்தெடுக்கும் மார்பின், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் இந்திய மருத்துவமனைகளிலேயே அரிதானது. தமிழக-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் போன்ற சாவடியைத் தாண்டி அதைக் கொண்டுபோக அப்போது இரு மாநில அனுமதியும் தேவைப்பட்டது. ஒரு தாளின் கெடு முடிவதற்குள் மற்றது கைக்கு வர வேண்டியிருந்தது. 1997இல் நாடு முழுவதும் செலவானது வெறும் 18 கிலோ. கடத்தலுக்குப் போட்ட பூட்டு புற்றுநோயாளிக்கும் சேர்த்தே விழுந்தது.

1993இல் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலானோர் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், மாத்திரையை நோயாளியின் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறு அளவில் தொடங்கி வலிக்கேற்பக் கூட்டுவது முறை. மலச்சிக்கல் நிச்சயம் என்பதால் மலமிளக்கியும் உடன் உண்டு. அளவு மீறினால் மூச்சு மந்தமாகும்; அதற்கு முன்னறிவிப்பு, மிகுந்த தூக்கக் கலக்கம். போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தம்தான் மார்பினுக்கான பல உரிமங்களை ஒன்றாக்கியது.