மஹ்தியா: சிதைந்த மதில்களும் சிதையாத கல்வியும்

ஸஹீஹ் முஸ்லிமுக்கு இமாம் நவவீ (ரஹ்) எழுதிய விரிவுரையை மதரஸாவில் ஓதியவர்கள், "மாஸரீ கூறினார்" என்ற சொல்லைப் பலமுறை கடந்து வந்திருப்பார்கள். அந்த இமாம் மாஸரீ (ரஹ்) பாடம் நடத்தி, ஃபத்வா வழங்கி, வஃபாத்தான ஊர்தான் மஹ்தியா. வட ஆப்பிரிக்காவின் இச்சிறு கடற்கரை நகரம் ஒரு காலத்தில் ஒரு பேரரசின் தலைநகராகவும் இருந்தது.

அமைவிடம்

துனிசியாவின் கிழக்குக் கரையில், தலைநகர் தூனிஸிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே மஹ்தியா இருக்கிறது. பழைய நகரம் அமைந்திருப்பது மத்தியதரைக் கடலுக்குள் விரல் போல நீண்டிருக்கும் ஒரு பாறை முனையில். அதன் நீளம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அகலமோ அரை கிலோமீட்டருக்கும் குறைவு. மூன்று புறமும் கடல். நிலத்தோடு சேரும் குறுகிய கழுத்தில் ஒரு மதில் எழுப்பிவிட்டால் ஊர் முழுவதும் கோட்டையாகிவிடும். ஊரின் வரலாறு முழுவதற்கும் இந்த அமைப்பே காரணம். பகைவருக்கு அஞ்சியவர்கள் இங்கே வந்து ஒதுங்கினார்கள். கடலை ஆள நினைத்தவர்கள் இதைக் கைப்பற்றத் துடித்தார்கள்.

தலைநகரான கதை

ஹிஜ்ரி 303இல் (கி.பி. 916) ஃபாத்திமிய்யா ஆட்சியை நிறுவிய உபைதுல்லாஹ் அல்மஹ்தி இந்நகரைக் கட்டத் தொடங்கினார். அவர் இஸ்மாயீலி ஷியா பிரிவைச் சேர்ந்தவர். அன்றைய தலைமைப் பட்டணமான கைரவானோ மாலிகி மத்ஹபைச் சேர்ந்த சுன்னத் வல் ஜமாஅத் உலமாக்களின் கோட்டை. குடிமக்களின் மனம் தன்னோடு இல்லை என்பதை அறிந்த ஆட்சியாளர், கடல் சூழ்ந்த இவ்விடத்தைத் தேர்ந்து, 921இல் குடியேறித் தன் பெயரையே ஊருக்குச் சூட்டினார்.

வணிகர்களின் கடைகள் மதிலுக்குள்ளும், குடும்பங்கள் வெளியே ஸவீலா என்ற புறநகரிலும் இருந்தன. பகலில் அவர்களைக் குடும்பத்திடமிருந்தும் இரவில் பொருளிடமிருந்தும் பிரித்து வைத்தால் கிளர்ச்சி எழாது என்று அல்மஹ்தி கருதியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆயினும் கிளர்ச்சி எழுந்தது. கழுதையில் பயணம் செய்ததால் "கழுதைக்காரர்" எனப்பட்ட அபூ யஸீத் என்ற காரிஜிய்யா தலைவர் 945இல் நகரை முற்றுகையிட்டார். மதில் தாங்கி நின்றது, முற்றுகை தோற்றது. 948இல் தலைநகரம் கைரவான் அருகே கட்டப்பட்ட அல்மன்சூரிய்யாவுக்கு மாறியது. 973இல் ஃபாத்திமிய்யா கலீஃபா கெய்ரோவுக்கே போய்விட்டார்.

அவர்களின் பிரதிநிதிகளாக ஆண்ட ஸீரி வம்சத்தினர் பின்னர் ஃபாத்திமிய்யாக்களைத் துறந்து சுன்னத் வல் ஜமாஅத்துக்குத் திரும்பினார்கள். பனூ ஹிலால் கோத்திரங்களின் படையெடுப்பில் கைரவான் நிலைகுலைந்தபோது, 1057இல் அமீர் முஇஸ் இப்னு பாதீஸ் மஹ்தியாவுக்கு வந்து ஒதுங்கினார். ஷியா ஆட்சிக்கு அரணாகக் கட்டப்பட்ட நகரம் இவ்வாறு மாலிகி ஃபிக்ஹின் புகலிடமாயிற்று.

இமாம் மாஸரீயும் ஒரு ஃபத்வாவும்

முஹம்மத் இப்னு அலீ அல்மாஸரீயின் பெயரிலுள்ள "மாஸரீ" என்பது சிசிலித் தீவின் மாஸர் நகரைக் குறிக்கும். அவர் மஹ்தியாவில் ஸஹீஹ் முஸ்லிமைப் பாடமாக நடத்தியபோது மாணவர்கள் எடுத்த குறிப்புகளிலிருந்து உருவானதே "அல்முஃலிம்" என்ற விரிவுரை. அதைப் பூர்த்தி செய்து ஸப்தா நகரின் காழீ இயாழ் (ரஹ்) "இக்மாலுல் முஃலிம்" எழுதினார். இவ்விரண்டிலிருந்தும் இமாம் நவவீ (ரஹ்) தம் நூலில் நிறைய எடுத்தாண்டார். நம் மதரஸாக்கள் வரை இக்கல்வி வந்து சேர்ந்த வழி இதுதான்.

அக்காலத்தில் சிசிலி நார்மானியக் கிறிஸ்தவர்களின் ஆட்சிக்குள் போயிருந்தது. முஸ்லிம்கள் பலர் ஹிஜ்ரத் செய்து இக்கரைக்கு வந்தார்கள். பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கியவர்களுக்கு காழீயை நியமித்தவர் கிறிஸ்தவ அரசர். "அந்தக் காழீயின் தீர்ப்பும் அங்குள்ள சாட்சிகளின் சாட்சியமும் செல்லுமா?" என்று இமாமிடம் கேட்கப்பட்டது.

தகுந்த காரணமின்றி அத்தகைய ஆட்சியின் கீழ் தங்கக் கூடாது என்பதே இமாமின் அடிப்படைக் கருத்து. ஆயினும் நிர்ப்பந்தத்தால் தங்கியிருக்கலாம். பிறரை நேர்வழிக்கு அழைக்கும் நன்னோக்கமும் இருக்கலாம். எனவே ஒரு முஸ்லிமைக் குறித்து முதலில் நல்லெண்ணமே வைக்க வேண்டும், அங்கே வாழ்கிறார் என்பதற்காக அவரது நேர்மையைச் சந்தேகிக்கக் கூடாது என்று விளக்கினார். மக்கள் ஒருவருக்கொருவர் அநீதி செய்யாமல் தடுக்க ஒரு நீதிபதி அவசியம். ஆகவே முஸ்லிமல்லாத ஆட்சியாளர் நியமித்தார் என்பதால் மட்டும் தீர்ப்பு செல்லாததாகிவிடாது என்றும் பதிலளித்தார். சிறுபான்மையாக வாழும் முஸ்லிம்களைப் பற்றிய ஆய்வுகளில் இந்த ஃபத்வா இன்றும் பேசப்படுகிறது. தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிது. அங்கே வாழ்கிறவரின் நிலைமையை எண்ணிப் பார்ப்பதுதான் ஃபகீஹின் வேலை.

இமாம் ஹிஜ்ரி 536இல் (கி.பி. 1141) வஃபாத்தானார்கள். வடக்கே உள்ள மொனாஸ்திர் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

கடல் வழி வந்த படைகள்

இமாம் வாழ்ந்த காலத்திலேயே, 1087இல், பைசா, ஜெனோவா நகரங்களின் கப்பற்படைகள் மஹ்தியாவைச் சூறையாடியிருந்தன. அவர் மறைந்து ஏழே ஆண்டுகளில், 1148இல், சிசிலியின் நார்மானியப் படை நகரைப் பிடித்தது. சிசிலி முஸ்லிம்களைப் பற்றி இமாமிடம் கேட்கப்பட்ட கேள்வி இப்போது மஹ்தியாவின் சொந்தக் கேள்வியாகிவிட்டது. 1160இல் முவஹ்ஹித் ஆட்சியாளர் அப்துல் முஃமின் மாதக்கணக்கில் முற்றுகையிட்டு ஊரை மீட்டார்.

1390இல் பிரெஞ்சு, ஜெனோவாப் படைகள் வந்து தோற்றுத் திரும்பின. 1550இல் உஸ்மானியக் கடற்படைத் தளபதி துர்குத் ரஈஸ் நகரைக் கைப்பற்றினார். அதே ஆண்டில் ஸ்பெயின் அதைப் பறித்தது. தக்கவைக்க முடியாமல் 1554இல் வெளியேறிய ஸ்பானியர்கள் மதில்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இன்று எஞ்சியிருப்பவை

"ஸகீஃபா அல்கஹ்லா", அதாவது இருண்ட நுழைமண்டபம், இன்றும் பழைய நகரின் வாசலாக நிற்கிறது. பெரிய பள்ளிவாசலுக்கு மினாரா கிடையாது. அதன் கம்பீரம் முகப்பு வாயிலில்தான். சிதைந்து கிடந்த அப்பள்ளி 1960களில் பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டப்பட்டது. உஸ்மானியர் காலத்துப் பெரிய கோட்டையும், முனையின் சரிவில் கடலைப் பார்த்தபடி வெண்ணிறக் கப்றுகள் நிறைந்த மையவாடியும் அருகருகே உள்ளன. 1907இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கரைக்கு அப்பால் ஒரு பண்டைய ரோமானியக் காலக் கப்பலைக் கண்டார்கள். அதிலிருந்த பளிங்கு, வெண்கலச் சிற்பங்கள் இப்போது தூனிஸின் பார்தோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மீன்பிடியும் பட்டு நெசவும் ஊரின் பழைய தொழில்கள்.

நேர் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் இத்தாலியின் லம்பதூசா தீவு. அன்று சிசிலி முஸ்லிம்கள் தீனைக் காக்க இக்கரைக்குக் கப்பலேறி வந்தார்கள். இன்று இக்கரையோரத்து இளைஞர்கள் பிழைப்புத் தேடி எதிர்த் திசையில் படகேறுகிறார்கள். பலர் கரை சேர்வதில்லை. அவர்களைப் பற்றிப் பேச நேரும்போதும் இமாம் மாஸரீ கற்றுத்தந்த நல்லெண்ணத்தோடே பேசுவோம். அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பாதுகாப்பானாக!