பூதங்களும் பேரேடும்

அராபிய இரவுக் கதைகளைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடும் வழக்கம் ஆசிரியராகிய நம்மிடையே உண்டு. பூதமும் மாயக்குதிரையும் நமது கண்ணை மறைத்துவிடுகின்றன. ஆனால், அந்நூலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றாகிய, எகிப்திற் கண்டெடுத்த காகிதத் துண்டினை நோக்குக. கதையின் தலைப்பும் தொடக்கமும் உள்ள அதே தாளின் வெற்றிடங்களில், எவனோ ஒருவன் சட்டச் சாட்சி வாசகங்களை எழுதிப் பழகியிருக்கின்றான். கி. பி. 879க்குச் சரியான ஹிஜ்ரி ஆண்டும் அதிற் காணப்படுகின்றது.

முதற்கதையிலே ஒரு வணிகன் எறிந்த பேரீச்சங்கொட்டை, கண்ணுக்குப் புலனாகாத பூதக்குமாரனைக் கொன்றுவிடுகின்றது. பழிக்கு உயிர் கேட்கின்றது தந்தைப் பூதம். வணிகன் வேண்டுவதோ தவணை: ஊருக்குப் போய்க் கடன்களைத் தீர்க்கவேண்டும். பூதம் அவன் ஆணையை நம்பி விடுகின்றது. அவனும் குறித்த நாளிற் பிரேதச் சீலையோடு திரும்பி வருகின்றான்! பின்பு மூன்று கிழவர் ஆளுக்கொரு கதை சொல்லி, அவன் உயிரை மூன்றிலொரு பங்காக மீட்கின்றனர். முன்பின் அறியாதவனை நம்பிச் சரக்கைக் கடல்கடந்து அனுப்பிய சமுதாயத்தில், வாக்குத் தவறாமை வெறும் நற்குணமன்று. வாணிபமே அதன்மேல் நின்றது. ஆகவேதான் பூதமும் சந்தை வழக்குக்குக் கட்டுப்படுகின்றது.

இந்த அறம் யாருக்குரியது? சிந்துபாத்தின் கதையை இங்கே எடுத்துக்கொள்வோம். தனியே வழங்கிய அக்கதையை, 1704 முதல் வெளிவந்த தமது பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலே கலான் சேர்த்துக்கொண்டார். பாக்தாதிற் செல்வன் வீட்டு வாயிலிற் சுமையை இறக்கிய ஏழைக் கூலியாள், ஒருவன் மாடத்திலும் ஒருவன் வெயிலிலும் இருப்பதேன் என்று முறையிடுகின்றான். அதற்கு விடையாகவே ஏழு பயணங்களும் சொல்லப்படுகின்றன. முதற் பயணத்திலே, இறந்தானென எண்ணிய சிந்துபாத்தின் பொதிகளை மாலுமித் தலைவன் அவன் குடும்பத்துக்காகக் காத்து வைத்திருக்கின்றான். வணிகனுக்கு வணிக உலகம் நேர்மையாகவே நடக்கின்றது.

நான்காம் பயணத்தைத்தான் நாம் கூர்ந்து படித்தல்வேண்டும். இறந்த மனைவியோடு பிணக்குகையில் இறக்கப்பட்ட சிந்துபாத், தன்னைப்போலவே உயிரோடு இறக்கப்படுவோரை எலும்பால் அடித்துக் கொன்று, அவர்தம் அப்பத்தையும் நீரையும் கைக்கொள்கின்றான். அணிகலன்களையும் மூட்டை கட்டுகின்றான். இதனை விருந்து மண்டபத்திலே நாத்தழும்பின்றிச் சொல்கின்றான். கேட்டிருந்த கனவான்கள் வியக்கின்றனர், முகஞ் சுளித்தாரில்லை.

ஆறாம் பயணத்தில் நமது தீவும் ஸெரன்தீப் என வருகின்றது. நம் மாணவர் அதைப் பெருமையாகச் சொல்வர். வணிகன் கண்ணுக்கு அங்கே பெரிதாய்ப் பட்டவை மணிகளும் மன்னன் கலீபாவுக்கு அனுப்பிய பரிசுகளுமே.

கப்பல்கள் உடையுந்தோறும் மூழ்கிய மாலுமிகள் எத்தனையோ பேர். அவர்களும் பாடுபட்டவர்கள்தாமே என்று அக்கூலியாள் கேட்கவில்லை. பயணத்துக்கு நூறு பொன்னாக வாங்கிக்கொண்டு, தான் முறையிட்டதற்காக இறுதியிலே மன்னிப்பு வேண்டினான்.